ஆறு மரத்து மேட்டில் ஓர் ஆகாய நகரம்

டோக்கியோ மாநகரின் மினாத்தோ வட்டாரத்தில், பூமிக்கடியில் ஓடும் ரயிலை விட்டிறங்கி, நெடிய நகரும் படிகளில் ஏறி, வெளிச்சமும் காற்றும் ஒருசேர முகத்தில் வந்து மோதும் விசாலமான முற்றம் ஒன்றை அடையும் பிரயாணியின் கண்ணில் முதலில் படுவது, அங்கே ஆகாயத்தை மறைத்துக்கொண்டு எழும்பி நிற்கும் 54 மாடிக் கோபுரமன்று. அதன் காலடியில் எட்டுக் கால்களையும் அகல ஊன்றி நிற்கும் ஒரு சிலந்திதான். சுமார் 10 மீட்டர் உயரமுள்ள அந்த வெண்கலச் சிலந்தியின் அடியில்தான் சிநேகிதர்கள் ஒருவரையொருவர் சந்திக்க ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். குழந்தைகள் அதன் கால்களைச் சுற்றி ஓடி விளையாடுகிறார்கள். காரியாலயம் விட்டு வருபவர்கள் அதை நிமிர்ந்தும் பாராமல் கடந்து போகிறார்கள்.

கால்களுக்கிடையே புகுந்து அண்ணாந்து நோக்கினால்தான் அந்தச் சிருஷ்டியின் உண்மையான ரூபம் புலப்படும். தூரத்திலிருந்து அச்சத்தை உண்டாக்கிய அந்தக் கால்கள், கிட்டே வந்ததும், முடிச்சு முடிச்சாகத் திரண்டு நரம்போடிப்போன முதிய கைகளைப் போலக் காண்கின்றன. அவை யாவும் கூடும் உச்சியில், வயிற்றோடு ஒட்டிக் கம்பிவலைப் பை ஒன்று தொங்குகிறது. அந்தப் பைக்குள், வெள்ளைச் சலவைக்கல்லில் கடைந்த முட்டைகள், சாயங்கால வெளிச்சத்தில் பாலின் நிறம் கொண்டு, ஒன்றையொன்று தொட்டபடி கிடக்கின்றன. பிரான்ஸில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லூயிஸ் பூர்ஷ்வா என்ற சிற்பி இதற்கு இட்ட பெயர் ‘மமான்’, அதாவது, அம்மா. அவருடைய தாயார் கிழிந்துபோன பழைய சித்திரக் கம்பளங்களை நூலும் ஊசியும் கொண்டு செப்பனிடும் தொழில் செய்தவர். அந்தத் தாயாரின் பொறுமைதான் இங்கே சிலந்தியாக உருவெடுத்து நிற்கிறது.

இழையோடு இழை சேர்த்துக் கிழிசலை ஒட்டவைக்கும் ஒரு தாயின் நினைவுச்சின்னம் ரொப்பொங்கி ஹில்ஸ் என்னும் இந்த ஸ்தலத்தின் வாசலில் நிற்பதைப்போலப் பொருத்தமான காரியம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். இந்தக் கோபுரத்தின் உயரத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர். எனக்கோ, அதன் உயரத்தைவிட அதன் அடியில் கிடக்கும் நிலம் எவ்வாறு ஒன்றுசேர்ந்தது என்பதே பெரிய அதிசயமாகப் படுகிறது. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் சிறுசிறு மனைகளை, ஒவ்வொரு குடும்பத்தின் சம்மதத்தையும் கேட்டுக் கேட்டு, 17 வருஷ காலம் இழை இழையாகச் சேர்த்துத்தான் இதை நெய்திருக்கிறார்கள்.

ரொப்பொங்கி ஹில்ஸ் என்பது தனியொரு கட்டடத்தின் பெயரன்று. 11 ஹெக்டேருக்கு மேற்பட்ட, அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 28 ஏக்கர் விஸ்தீரணத்தில், 2003ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 25ஆம் தேதி திறந்துவைக்கப்பட்ட ஒரு சிறு பட்டணம் என்றே அதைச் சொல்லவேண்டும். நடுநாயகமாக நிற்கும் 238 மீட்டர் உயரமுள்ள மொரி கோபுரத்தில் காரியாலயங்களும், அதன் உச்சியில் ஒரு கலைக்கூடமும் இருக்கின்றன. அதைச் சுற்றி, 43 மாடிகள் கொண்ட குடியிருப்புக் கோபுரங்கள் இரண்டு, பெரிய ஹோட்டல் ஒன்று, சினிமாக் கொட்டகை, 200க்கும் மேற்பட்ட கடைகளும் போஜனசாலைகளும், ஃபுமிஹிக்கோ மாக்கி என்ற கீர்த்திபெற்ற சிற்பசாஸ்திரி வடிவமைத்த ‘டிவி அஸாஹி’ தொலைக்காட்சி நிலையம், ஒரு பழைய நந்தவனம், மரங்கள் அணிவகுத்த சாய்வான வீதிகள் ஆகியவை அமைந்திருக்கின்றன. ரொப்பொங்கி என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் ‘ஆறு மரங்கள்’ என்று பொருள். இந்த நிலம் அந்தப் பேட்டையின் ஆறாவது வட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே, சிலந்தி நிற்கும் முற்றத்துக்கு ‘ரொக்குரொக்கு’, அதாவது ‘ஆறு ஆறு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த மண்ணின் பூர்வோத்தரம் கோபுரத்தைவிட நெடியது. தோக்குகாவா வமிசத்தார் ஜப்பானை ஆண்ட காலத்தில் இவ்விடத்தில் சோஃபு சிற்றரசின் அதிபதிகளான மோரி குடும்பத்தாரின் மாளிகை இருந்தது. தங்கள் எஜமானனின் மரணத்துக்குப் பழிவாங்கிய, ஜப்பானியர் இன்றும் நாடகமாகவும் சினிமாவாகவும் கண்டு கண்ணீர் வடிக்கும் அக்கோ வீரர்களுள் பத்துப்பேர், தண்டனையை எதிர்நோக்கி இங்கேதான் காவலில் வைக்கப்பட்டிருந்தார்கள். 1703ஆம் வருஷம், தங்கள் வயிற்றைத் தாங்களே கிழித்துக்கொண்டு உயிர்விடும்படி ஆக்ஞை பிறந்தபோது, இந்த மண்ணில்தான் அவர்கள் ரத்தம் சிந்திற்று. ருஷ்ய யுத்தத்தில் ஆர்தர் துறைமுகத்தைப் பிடித்த சேனாதிபதி நோகி, 1849ஆம் வருஷம் பிறந்ததும் இதே மாளிகை வளாகத்தில்தான். பிற்காலத்தில், 1952 முதல், அந்தத் தோட்டத்தின் பக்கத்தில் விஸ்கி தயாரிக்கும் நிக்கா கம்பெனியின் தொழிற்சாலை நடந்தது. ஆதலால் மோரி பிரபுக்களின் குளத்தை ஜனங்கள் ‘நிக்கா குளம்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். 1977இல் அந்த இடம் தொலைக்காட்சி ஸ்தாபனத்தின் கைக்கு வந்தது.

இங்கே ஒரு சங்கதியைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மாளிகைக்கு உரியவர்களான பழைய பிரபுக்கள் மோரி குடும்பத்தார். கோபுரத்தைக் கட்டியவர்களோ மொரி குடும்பத்தார். ஆங்கில எழுத்தில் எழுதும்போது குழம்பிப்போகும் இவ்விரண்டு பெயர்களையும், குறிலுக்கும் நெடிலுக்கும் தனித்தனி எழுத்து வைத்திருக்கும் நம் பாஷையில் சிரமமின்றி வேறுபடுத்திக் காட்டிவிடலாம். மொரி என்றால் வனம் என்று அர்த்தம்; இரண்டு குலங்களுக்கும் உறவு ஏதும் கிடையாது.

மொரி குடும்பத்தின் கதையும் கவனிக்கத்தக்கது. யோக்கஹாமா நகரச் சர்வகலாசாலையில் வர்த்தக சாஸ்திரம் போதித்துவந்த தைக்கிச்சிரோ மொரி என்பவர், தமது ஐம்பத்தைந்தாம் வயதில், 1959இல், ஆசிரியர் உத்தியோகத்தை உதறிவிட்டு, மூதாதையர் வைத்துப்போன வாடகை வீடுகள் இருந்த பகுதியில் காரியாலயக் கட்டடங்கள் எழுப்புவதையே தொழிலாகக் கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களையே பெயராகக்கொண்டு அவர் கட்டடங்கள் நகரத்தின் மத்தியில் பெருகின. நில விலை விஷம்போல் ஏறியதன் பலனாக, 1991லும் 1992லும், உலகத்திலேயே பெரிய தனவந்தர் என்று ஓர் அமெரிக்கப் பத்திரிகை அவரைக் கணக்கிட்டது. அவருடைய புத்திரர் மினோரு மொரியோ, வாலிப வயதில் நாவலாசிரியராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். தகப்பனாருக்குக் கட்டடம் பொருளாகத் தோன்றிற்று என்றால், மகனுக்கு அது கதையாகத் தோன்றிற்று என்று கொள்ளலாம். நமது சண்டிகார் நகரத்தை வகுத்துக்கொடுத்த லெ கொர்பூஸியேயின் கொள்கைகளில் அவருக்கு அளவற்ற பக்தி. அந்த மேதையின் ஓவியங்களையும் வரைபடங்களையும் தேடித் தேடிச் சேகரித்தார்.

மினோரு மொரியின் தத்துவத்தைச் சுருக்கமாகச் சொல்வதானால், அது ‘நெட்டுக்குத்தாக எழும் தோட்ட நகரம்’ என்பதாகும். டோக்கியோ நகரம் பக்கவாட்டில் படர்ந்துகொண்டே போயிற்று. சிறு மனையில் சிறு வீடு, அதன் பக்கத்தில் இன்னொரு சிறு வீடு என்று கண்ணுக்கெட்டிய தூரம் கூரைகளாகப் பரவிற்று. அதன் பலனாக, நகரத்தின் மையத்தில் வேலைபார்க்கும் ஜனங்கள் எங்கோ விளிம்பில் வீடு பிடித்து, காலையிலும் மாலையிலும் நெரிசலான ரயிலில் நின்றபடியே ஆயுளைக் கழிக்கும்படி ஆயிற்று. படுத்துக் கிடக்கும் இந்த நகரத்தை எழுப்பி நிறுத்திவிட்டால் என்ன என்று அவர் கேட்டார். சிதறிக் கிடக்கும் வீடுகளையும் காரியாலயங்களையும் கடைகளையும் உயர அடுக்கிவிட்டால், கீழே நிலம் மிச்சமாகும். மிச்சமான நிலத்தில் மரம் வைக்கலாம். வீட்டிலிருந்து வேலைக்கு நடந்தே போகலாம். ரயிலில் தொலைந்த மணிகள் குழந்தைகளுக்கும் புத்தகங்களுக்கும் சங்கீதத்துக்கும் திரும்பக் கிடைக்கும். காலத்தை மனிதனுக்கு மீட்டுக் கொடுப்பதே நகர நிர்மாணத்தின் லட்சியம் என்ற இந்த எண்ணம் என் மனத்தை மிகவும் கவர்ந்தது.

இதற்கு முதல் பரீட்சையாக, 1986இல் ‘ஆர்க் ஹில்ஸ்’ என்ற தொகுதியைப் பக்கத்திலேயே கட்டி முடித்தார்கள். சங்கீத உலகம் நன்கறிந்த சன்டோரி மண்டபம் அதில்தான் இருக்கிறது. அதே வருஷத்தில் ரொப்பொங்கியின் ஆறாவது வட்டத்தையும் மறுநிர்மாணத்துக்கு உரிய பிரதேசமாக டோக்கியோ நகர நிர்வாகம் குறிப்பிட்டது. அங்கே மேட்டில் தொலைக்காட்சி நிலையம் இருந்தது. மேட்டுக்கும் அடுத்த வீதிக்கும் நடுவே ஒரு பள்ளம். பள்ளத்தில் மரத்தாலான பழைய வீடுகளும், சிறு கடைகளும், யுத்தத்துக்குப்பின் கட்டிய பொதுக் குடியிருப்புகளும் நெருங்கிக் கிடந்தன. தீயணைக்கும் வண்டி நுழைய முடியாத குறுகிய சந்துகளே அவற்றுக்கு வழி. 1923ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 1ஆம் தேதி நேர்ந்த மகா பூகம்பத்தில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது பூமியின் அதிர்ச்சியன்று, அதைத் தொடர்ந்து மர வீடுகளில் பற்றிப் பரவிய தீதான். ஆகையால் டோக்கியோவில் குறுகிய சந்து என்பது வெறும் அசௌகரியமன்று, பிராணாபத்து.

ஆபத்து என்று தெரிந்தும், பிறந்து வளர்ந்த வீட்டை யார் இடிக்கக் கொடுப்பார்கள்? இந்த இடத்தில்தான் ஜப்பானியரின் 1969ஆம் வருஷத்து நகர மறுநிர்மாணச் சட்டம் குறுக்கிடுகிறது. அதன் உயிர்நிலை, ‘உரிமை மாற்றம்’ என்ற ஓர் ஏற்பாடு. ஒருவருக்குச் சொந்தமான மனையைப் பணம் கொடுத்துப் பறித்துக்கொண்டு அவரை ஊரைவிட்டு அனுப்புவதற்குப் பதிலாக, மனையின் மதிப்பு எவ்வளவோ அவ்வளவு மதிப்புள்ள தளப்பரப்பை, எழும்பப்போகும் புதிய கட்டடத்தில் அவருக்கே உரிமையாக்கித் தருவது என்பது அதன் சாரம். குத்தகை மனையில் வீடு கட்டியிருப்பவருக்கும் அவரவர் பாத்தியதைக்குத் தக்க பங்கு உண்டு. தாழ்ந்த வீடுகள் இருந்த இடத்தில் பல மடங்கு பரப்புள்ள மாளிகைகள் எழும்புவதால், பழைய உரிமையாளர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சும் தளங்கள் ஏராளமாக இருக்கும். அவற்றை விற்றுக் கிடைக்கும் பணத்தில்தான் கட்டடச் செலவின் பெரும்பகுதி தீர்கிறது. ஆக, ஒரு குடும்பம் பூமியில் வைத்திருந்த நிலம், அதே ஸ்தலத்தில், அதே மதிப்போடு, ஆகாயத்துக்கு உயர்ந்துவிடுகிறது.

ஏட்டில் எழுதும்போது எளிதாகத் தோன்றும் இந்தக் கணக்கு, ஒரு முதியவரின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொல்லும்போது எத்தனை கஷ்டமானது என்பதைச் சற்றே சிந்தித்துப் பார்க்கவேண்டும். மண்ணில் கால் வைத்து வாழ்ந்தவர் இருபதாவது மாடியில் எப்படித் தூங்குவார்? கடை வைத்திருந்தவரின் வாடிக்கைக்காரர்கள், கட்டடம் எழும்பும் வரையில் காத்திருப்பார்களா? மேட்டு நிலத்துக்காரர் பள்ளத்து நிலத்துக்காரரோடு சரிசமமாகப் பங்குபோட இசைவாரா? மதிப்பைக் கணக்கிடுபவர் நியாயமாகக் கணக்கிடுவாரா? இவற்றில் ஒவ்வொரு கேள்வியும் நியாயமானது. ஒவ்வொன்றுக்கும் வீடு வீடாகப் போய்ப் பதில் சொல்லவேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, 1990களின் தொடக்கத்தில், குமிழிபோல் ஊதிப்போயிருந்த நில விலை உடைந்து சரிந்தது. நேற்றைய மதிப்பை வைத்துப் போட்ட கணக்குகளை மறுபடியும் முதலிலிருந்து போடவேண்டியதாயிற்று.

உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் சங்கம் அமைத்துக் காரியத்தைத் தொடங்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. 1998இல் அந்தச் சங்கம் உருவாயிற்று; 2000இல் வேலை தொடங்கிற்று; மூன்று வருஷங்களில் கட்டி முடித்தார்கள். பேசுவதற்கு 14 வருஷம், கட்டுவதற்கு 3 வருஷம். முடிவில் ஏறக்குறைய 400 உரிமையாளர்கள் இதில் பங்கேற்றார்கள். தங்கள் பங்கை விற்றுவிட்டுக் கண்ணீரோடு வெளியேறியவர்களும் இருந்தார்கள் என்பதை மறைப்பது தர்மமாகாது. அந்தப் பள்ளத்தின் வீதிகள், இன்று தேடினாலும் அகப்படமாட்டா. ஆனாலும், பெருநகரங்களை அழகுபடுத்துகிறோம் என்ற பெயரில், ஒரே இரவில் ஏழைகளின் வாசஸ்தலங்களைத் துடைத்தெறியும் வழக்கம் மலிந்த உலகத்தில், ஒரு தனியார் ஸ்தாபனம் பதினான்கு வருஷம் கதவைத் தட்டிக் காத்திருந்தது என்ற செய்தியை நான் அலட்சியமாகத் தாண்டிப்போக விரும்பவில்லை.

கோபுரத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கோன் பெடர்சன் ஃபாக்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக்கலை நிறுவனத்தார் அதை வடிவமைத்தார்கள். ஜப்பானியப் போர்வீரனின் கவசத்தை நினைவூட்டும்படி, அதன் மேனி மடிப்பு மடிப்பாக அமைந்திருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அறைகள் பொருத்திய மின்தூக்கிகள், ஒரே சமயத்தில் இரண்டு மாடிகளில் நின்று ஆட்களை ஏற்றிக்கொள்கின்றன. மாடிக்கு மாடி உயரம் வேறுபடுவதால், அந்த இரண்டு அறைகளும் போகிற போக்கிலேயே தமக்கிடையேயுள்ள தூரத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்கின்றன.

ஆனால் அந்தக் கோபுரத்தின் உச்சியில் மினோரு மொரி செய்த காரியம் ஒன்று, பொருளாதார சாஸ்திரம் கற்றவர்கள் எவரும் செய்யத் துணியாதது. ஆகாயத்தை அளாவும் கட்டடங்களில் மேல்மாடிக்குத்தான் வாடகை அதிகம். உலகமெங்கும் அதைப் பணக்கார வங்கிகளுக்கு விடுவதுதான் மரபு. அவரோ 53ஆம் மாடியை எடுத்து, இக்காலக் கலைக்கென்று ஒரு கூடம் ஆக்கினார். 2003 அக்டோபரில் அது திறக்கப்பட்டபோது, முதல் கண்காட்சிக்கு ‘ஆனந்தம்’ என்பதையே விஷயமாக வைத்தார்கள். வேலை முடிந்த பின்னரும் ஜனங்கள் வந்து பார்க்கவேண்டும் என்பதற்காக, வாரத்தில் பெரும்பாலான நாட்களில் இரவு 10 மணி வரையில் அது திறந்திருக்கிறது. 2008இன் கடைசியில் ‘சலோ! இந்தியா’ என்ற பெயரில் நம் நாட்டுக் கலைஞர்களின் சிருஷ்டிகளும் அங்கே பல மாதங்கள் வைக்கப்பட்டிருந்தன. 52ஆம் மாடியிலிருந்து கண்ணாடி வழியே நோக்கினால், 333 மீட்டர் உயரமுள்ள டோக்கியோ கோபுரம் செந்நிறத்தில் எதிரே நிற்கிறது. வானம் தெளிந்த குளிர்காலக் காலையில், ஃபூஜி மலையும் தரிசனம் தருகிறது.

இனி, பூகம்பத்துக்கு வருவோம். பூகம்பம் வந்தால் ஜனங்கள் விட்டோடும் இடமாக அன்றி, ஓடிவந்து புகும் இடமாகத் தங்கள் பட்டணம் விளங்கவேண்டும் என்பது இதைக் கட்டியவர்களின் சங்கல்பம். எஃகுக் குழாய்களுக்குள் காங்கிரீட்டை நிரப்பித் தூண்களாக்கினார்கள். கட்டடம் அசையும்போது அந்த அசைவின் சக்தியை வாங்கி விழுங்கிக்கொள்ளும் எண்ணெய்த் தணிப்பான்களை மாடிகள்தோறும் பொருத்தினார்கள். பூமிக்கடியில், எரிவாயுவைக் கொண்டு 38,660 கிலோவாட் வரையில் மின்சாரம் உண்டாக்கும் சொந்த நிலையத்தை வைத்தார்கள். அதில் வெளிப்படும் உஷ்ணத்தையும் வீணாக்காமல் நீராவியாக்கி, அந்த நீராவியைக் கொண்டே கட்டடங்களைக் குளிரவைக்கும் யந்திரங்களையும் இயக்குகிறார்கள். கிணறுகள் தோண்டியிருக்கிறார்கள், ஒரு லட்சம் வேளைக்கான உணவைச் சேமித்து வைத்திருக்கிறார்கள், வீடு திரும்ப வழியில்லாமல் தவிக்கும் 5,000 பேருக்கு இடம் கொடுக்கவும் ஏற்பாடு உண்டு.

இவையெல்லாம் காகிதத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்கு, 2011ஆம் வருஷம் மார்ச் மாதம் 11ஆம் தேதிக்குப் பிந்திய நாட்கள் சாட்சி. வடகிழக்குக் கடற்கரையைக் கடல் விழுங்கி, ஃபுக்குஷிமா அணுசக்தி நிலையம் செயலிழந்து, தலைநகர்ப் பிரதேசமே முறைவைத்து இருளில் மூழ்கிய அந்த வாரங்களில், ரொப்பொங்கி ஹில்ஸில் விளக்கு அணையவில்லை. அணையாததோடு, தன் தேவையைச் சுருக்கிக்கொண்டு, பகலில் 4,000 கிலோவாட், இரவில் 3,000 கிலோவாட் என்று மின்சாரத்தை டோக்கியோ மின்சாரக் கம்பெனிக்கு அது கொடுத்து உதவிற்று. நகரத்தினிடம் வாங்குவதே மாளிகைகளின் வழக்கமாயிருக்க, ஒரு மாளிகை நகரத்துக்குத் திருப்பிக் கொடுத்த அபூர்வமான சந்தர்ப்பம் அது.

எனினும் மனிதர் செய்யும் ஏற்பாட்டில் குறையும் கலந்தே இருக்கும். 2004ஆம் வருஷம் அக்டோபரில், சுமார் 200 கிலோமீட்டருக்கு அப்பால் நிகாதா பிரதேசத்தில் பூமி நடுங்கியபோது, இந்தக் கோபுரத்து மின்தூக்கியின் எஃகுக் கயிறு ஒன்று சேதமடைந்தது. தூரத்துப் பூகம்பத்தின் அலைகளில் விரைவான துடிப்புகள் வரும் வழியிலேயே அடங்கிவிட, நீண்ட, மெதுவான அலைகளே மிஞ்சுகின்றன. அவை தாழ்ந்த வீடுகளை உலுக்குவதில்லை. ஆனால் நெடிய கோபுரங்களுக்கு இயல்பாகவுள்ள மெதுவான ஆட்டத்தோடு அவற்றின் ஆட்டம் ஒத்துப்போய்விட்டால், ஊஞ்சலைச் சரியான தருணத்தில் மீண்டும் மீண்டும் தள்ளுவதுபோல, அசைவு பெருகிவிடும். அந்தப் பாடத்தை ஜப்பானியப் பொறியியலார் இந்த நிகழ்ச்சியிலிருந்துதான் அழுத்தமாகக் கற்றார்கள்.

இன்னொரு துயரம் மனத்தை வாட்டுவது. அதே 2004ஆம் வருஷம் மார்ச் மாதம் 26ஆம் தேதி, தாயோடு கோபுரத்தைப் பார்க்க வந்த ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், வாசலில் தானாகச் சுழலும் பெருங்கதவில் தலை அகப்பட்டு உயிரிழந்தான். ஐரோப்பாவில் லேசான அலுமினியத்தில் பிறந்த அந்தக் கதவு, இங்கே எஃகு சேர்த்துப் பெரிதாக்கப்பட்டதில், 2.7 டன் எடைகொண்ட யந்திரமாகிவிட்டிருந்தது. நிறுத்த முயன்றாலும் உடனே நிற்காத கனம் அது. அதற்கு முன்பே பலருக்கு அங்கே சிறு காயங்கள் ஏற்பட்டிருந்தும், கேட்கவேண்டிய எச்சரிக்கையை ஒருவரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. கோர்ட்டில் பொறுப்பாளிகள் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று, கதவுகள் அகற்றப்பட்டன, அத்தகைய கதவுகளுக்கு நாடு முழுவதற்கும் விதிகள் பிறந்தன. 238 மீட்டர் உயரத்தைப் பூகம்பத்திலிருந்து காப்பாற்ற அவ்வளவு யோசித்தவர்கள், ஒரு குழந்தை ஓடிவந்து நுழையும் வாசலைப் பற்றி அதே அளவுக்கு யோசிக்கவில்லையே என்ற வேதனை, இந்த இடத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் தொண்டையை அடைக்கிறது.

செல்வத்தின் சின்னம் என்ற பெயரும் இதற்கு உண்டு. திடீரென்று கோடீசுவரர்களான இளம் வியாபாரிகள் இங்கே காரியாலயமும் வீடும் பிடித்து ஆடம்பரமாக வாழ்ந்த நாட்களில், ‘ஹில்ஸ் கூட்டத்தார்’ என்று பத்திரிகைகள் அவர்களை அழைத்தன. 2006 ஜனவரியில் அவர்களில் பெயர்பெற்ற ஒரு கம்பெனியின்மீது அதிகாரிகள் சோதனை நடத்தியபின், அந்த ஆரவாரம் அடங்கிற்று. வாடகையோ இன்றும் சாமானிய ஜனங்களுக்கு எட்டாதது. வீட்டிலிருந்து வேலைக்கு நடந்து போகலாம் என்ற அந்த அருமையான லட்சியம், இங்கே வாடகை கொடுக்கச் சக்தியுள்ளவருக்கும், மனையைக் கொடுத்துத் தளம் பெற்றவருக்கும் மட்டுமே பலித்திருக்கிறது; கடைகளில் பண்டம் விற்பவரும் தரையைப் பெருக்குபவரும் இன்னமும் தூரத்து ரயிலில்தான் வருகிறார்கள். மினோரு மொரியின் தத்துவத்தில் எனக்குத் தீராத குறை இது ஒன்றுதான்.

கோபுரத்தின் பின்புறம், மோரி பிரபுக்களின் நினைவாக அமைத்த நந்தவனத்தில், குளம் ஒன்று இருக்கிறது. பழைய குளத்தைத் தோண்டி எறியாமல், அப்படியே போர்த்திப் பத்திரப்படுத்தி, அதன்மேல் இந்தப் புதுக் குளத்தை வெட்டியிருக்கிறார்கள். அதில் ‘மெதாக்கா’ என்னும் ஜப்பானிய வயல்மீன்கள், விரல் நீளத்துக்குமேல் வளராதவை, கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. 1994இல் அமெரிக்க விண்கலத்தில் ஏறிப்போய், எடையற்ற நிலையில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த மீன்களின் வமிசம் அது. கரையோரத்துக் கல்லில் உட்கார்ந்து பார்த்தால், முதலில் நீரின் அடியில் அவற்றின் நிழல்தான் தெரிகிறது. கண் பழகியபின், நிழலுக்கு மேலே, ஓட்டத்தை எதிர்த்து ஒரே திசையில் முகம்வைத்து நிற்கும் மீன்கள் ஒவ்வொன்றாகப் புலப்படுகின்றன.

சினிமாக் கொட்டகை இருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில், தெருவிலிருந்து 45 மீட்டர் உயரத்தில், ஒரு தோட்டமும், தோட்டத்தின் நடுவே ஒரு நெல்வயலும் இருக்கின்றன. அலங்காரத்துக்காக மட்டும் அமைத்ததன்று அது. மண்ணும் நீரும் மரமுமாகச் சேர்ந்த அந்தத் தோட்டத்தின் ஆயிரக்கணக்கான டன் பாரத்தை, கட்டடத்தோடு இறுகப் பிணைக்காமல், தனியே அசைந்து கொடுக்கும்படி தாங்கிகளின்மேல் ஏற்றிவைத்திருக்கிறார்கள். பூகம்பத்தில் கட்டடம் ஒரு பக்கம் சாய, தோட்டம் பின்தங்கி மறுபக்கம் இழுக்க, அந்த இழுப்பில் ஆட்டம் தணிந்துவிடுகிறது. கட்டடத்தை வயல் காக்கிறது.

எல்லா நாட்களிலும் அந்த மாடி ஏற அனுமதி கிடையாது. மே மாதத்தில் நடவுக்காகத் திறக்கிறார்கள். குடியிருப்புகளின் குழந்தைகளும் காரியாலயங்களில் வேலைபார்ப்பவர்களின் குழந்தைகளும் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, சேற்றில் இறங்குகிறார்கள். முதல் அடியில் கால் புதைந்ததும் கூச்சல்; பிறகு, நாற்றை மூன்று விரலால் பிடித்து, கட்டைவிரலால் அழுத்தி ஊன்றக் கற்றுக்கொண்டபின், நிசப்தம். அந்த உயரத்திலிருந்து கிழக்கே நோக்கினால், 2023 நவம்பரில் அதே ஸ்தாபனம் திறந்த அஸாபுதாய் ஹில்ஸின் 325 மீட்டர்க் கோபுரம், ஜப்பானின் கட்டடங்களிலேயே மிக உயர்ந்ததாக நிற்கிறது; சுமார் 300 உரிமையாளர்களோடு 1989இல் தொடங்கிய பேச்சு, முப்பத்துநான்கு வருஷம் கழித்துக் கட்டடமாக முடிந்தது. 2012 மார்ச்சில் காலமான மினோரு மொரி அதைக் காணவில்லை.

இலையுதிர் காலத்தில் அதே குழந்தைகள் வந்து அரிவாளால் கதிர் அறுக்கிறார்கள். ஜனவரியில், அந்த அரிசியை வேகவைத்து, கோபுரத்தின் கீழுள்ள முற்றத்தில் மர உரலில் இட்டு, மர உலக்கை ஓங்கி இடிக்கிறார்கள். ஒருவர் இடிக்க, உலக்கை மேலெழும் கணப்பொழுதில் மற்றொருவர் நனைந்த கையால் மாவைப் புரட்டிப் போட, புதுவருஷத்து ‘மோச்சி’ உருண்டைகள் தயாராகின்றன. வரிசையில் நிற்பவர்கள், ஆவி பறக்கும் அந்த உருண்டைகளைக் கையில் வாங்கிக்கொண்டு நகர்கிறார்கள்.